ஒளிப்படத்தில் செந்நிறம் – ஒரு நோக்கு

தோற்றுவாய்

தமிழில் நிறம் சுட்டும் சொற்களுள் செம்மையை அடியாகக் கொண்டு பிறந்தவற்றின் தொகை மிகப் பெரிது. செவ்வானம், செம்மண், செங்கல், செந்நெல், செந்நாய், செம்பருத்தி, செங்காந்தள் என அடுக்கிக்கொண்டே செல்லலாம். அரக்கு, துவர், பவளம், குங்குமம், காவி, மாதுளை, மாந்தளிர் எனப் பொருளின் பெயரே நிறத்தின் பெயராய் நிலைத்தவை வேறு. தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளிப் பொருளை உணர்த்தும் என முதற்கண் கூறி, அவை நிறத்தை உணர்த்துதற்கும் உரியன என அடுத்தே கூறுகின்றார். முகம் சிவத்தலும் கண் சிவத்தலும் நம் முன்னோர்க்கு நிறச்செய்தி மட்டுமல்ல, மனச்செய்தியும் ஆகும். 1969-ஆம் ஆண்டில் பிரென்ட் பெர்லின், பால் கே என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் மொழிகள் பலவற்றின் நிறப்பெயர்களை ஒப்பிட்டு ஆராய்ந்து நூல் வெளியிட்டனர். கருமைக்கும் வெண்மைக்கும் பெயரிட்ட மொழி, மூன்றாவதாகப் பெயரிடும் நிறம் சிவப்பே என்பது அவர்தம் முடிவு.

மொழிக்கு இத்துணை விரைவில் அகப்பட்ட நிறம், ஒளிப்படக் கருவிக்கு நெடுங்காலம் அகப்படவே இல்லை. அகப்பட்ட பின்னரும் முழுமையாக அகப்பட்டதாகக் கூறுதற்கில்லை. இதனைப் பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் நம்மனோர் நாள்தோறும் காணும் பொருள்களைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை மலரில் கேமராவுக்கு என்ன வேலை என மூத்தோர் சிலர் வினவலாம். ஒரு நிறத்தின் பெயரும் அதன் படமும் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்கள் சொல்லாராய்ச்சிக்கும் உரிய இடங்களே என்பது நம் விடை.

இந்த ஆராய்ச்சியில் நம்மைப் புகுத்தியது ஒரு திருமணப் புடவை. நம் உறவினர் இல்லத் திருமணத்தில் படம் எடுக்கும் பொறுப்பை நாமே வலிந்து ஏற்றுக்கொண்டோம். மணமகளின் பட்டு அரக்கு நிறம். உடல் முழுவதும் அதே நிற நூலில் சிறுசிறு மாங்காய்ப் புட்டாக்கள் நெய்யப்பட்டிருந்தன. படங்களை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மணமகளின் பாட்டியார் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது யார் புடவைப்பா? நாம எடுத்தது அரக்குல்ல? மாங்காயெல்லாம் எங்க போச்சு?” என்றார். மீண்டும் பார்த்தோம். முகங்கள் தெளிவாக இருந்தன. மாலையின் மல்லிகை ஒவ்வொன்றும் தெரிந்தது. புடவை மட்டும் மடிப்பும் இன்றி, புட்டாவும் இன்றி, ஒரே தக்காளிச் சிவப்பாய், தாளில் வெட்டி ஒட்டியது போல இருந்தது. அன்று நம்மிடம் விடை இல்லை. அப்புடவையை மூன்று தறிக்காரர் மாற்றி மாற்றி நெய்ததாகப் பாட்டியார் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிவப்பைக் காணாத கண்

ஒளிப்படக் கலை 1839-இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அக்கலை சிவப்புக் குருட்டுடனேயே வாழ்ந்தது எனலாம். படத்தகட்டில் பூசப்பெறும் வெள்ளி உப்புகள் இயல்பாக நீலம், ஊதா, புறஊதா ஆகிய ஒளிகளுக்கே வினைபுரிவன. பச்சையும் மஞ்சளும் அவற்றை அரிதின் தீண்டும்; சிவப்போ தீண்டுவதே இல்லை. 1873-இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்னும் வேதியியல் அறிஞர், தகட்டில் சில சாயங்களைச் சேர்த்தால் அது பிற நிறங்களையும் உணரும் எனக் கண்டறிந்தார். ஆயினும் அவ்வழி வந்த தகடுகள் பச்சை, மஞ்சள் வரையில்தான் எட்டின. 1906-இல் இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் எல்லா நிறங்களையும் உணரும் தகட்டை விற்பனைக்குக் கொணர்ந்த பின்னரே இக்குறை நீங்கத் தொடங்கிற்று.

இதனால் நேர்ந்தது யாது? சிவப்பு கறுப்பாக விழுந்தது. இதழின் சிவப்பும் கூந்தலின் கருமையும் ஒன்றாயின. மௌனப்படக் காலத்து நடிகர்கள் முகத்திற்கு விசித்திரமான நிறங்களைப் பூசிக்கொண்டு நின்றமைக்கு இதுவே காரணம். இயற்கையான செவ்விதழ் திரையில் மைபூசியது போலத் தோன்றிவிடும். நம் இல்லங்களில் உள்ள மிகப் பழைய படங்களில் கறுப்புச் சேலை உடுத்தியவராகத் தோன்றும் மூதாட்டியருள் சிலர், உண்மையில் சிவப்புச் சேலை உடுத்தியவராக இருத்தல் கூடும். மங்கல நாளில் இவர் ஏன் கறுப்பு உடுத்தினார் எனப் பெயரப்பிள்ளைகள் வியப்பதில் பொருளில்லை.

இக்குருட்டுத்தன்மை ஒரு வகையில் நன்மையும் செய்தது. இருட்டறையில் எரியும் சிவப்பு விளக்கை மாணவர்கள் திரைப்படங்களிலேனும் கண்டிருப்பர். கருப்பு வெள்ளை அச்சுத்தாள் சிவப்பை உணராது. ஆகவே அவ்வொளியில் மனிதன் காணலாம், தாள் காணாது. நம் மாணவப் பருவத்தில் அத்தகைய அறையொன்றில் பல மாலைப்பொழுதுகளைக் கழித்துள்ளோம். ஒருமுறை ஒவ்வொரு படத்திற்கும் எத்தனை நொடி ஒளி காட்ட வேண்டும் என்பதைச் சிவப்பு மைப் பேனாவால் அழகாகக் குறித்துக்கொண்டு உள்ளே சென்றோம். விளக்கைப் போட்டதும் குறிப்புத்தாள் வெற்றுத்தாளாகிவிட்டது. வெண்தாளும் சிவப்பு மையும் சிவப்பொளியை ஒரே அளவில் திருப்பி அனுப்ப, எழுத்து எங்கே, தாள் எங்கே எனப் பிரித்தறிய இயலவில்லை. சிவப்பைப் பற்றி நாம் கற்ற முதற்பாடம் அதுவே.

உலகின் முதல் வண்ணப்படத்தின் வரலாறு இதனினும் சுவையானது. 1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒரு கட்டம் போட்ட நாடாவின் வண்ணப்படத்தைத் திரையில் காட்டினார். தாமஸ் சட்டன் என்பவர் அந்நாடாவைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிப்பான்களின் வழியே தனித்தனியாகப் படம் எடுத்திருந்தார். அம்மூன்றையும் அதே நிற ஒளிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தியபோது நாடா தன் நிறங்களுடன் தோன்றியது. அக்காலத் தகடோ சிவப்பைக் காணாதது. பின் சிவப்பு எவ்வாறு பதிந்தது? நூறு ஆண்டுகள் கழித்து, 1961-இல், கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவான்ஸ் இப்புதிரை விடுவித்தார். நாடாவின் சிவப்புச் சாயம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளியையும் திருப்பி அனுப்பியது. சிவப்பு வடிப்பானாகப் பயன்பட்ட நீர்மம் அவ்வொளியை உள்ளே விட்டது. தகடு அதனைப் பதிந்துகொண்டது. சிவப்பின் முதற்படம் சிவப்பால் எடுக்கப்பட்டதன்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

எல்லா நிறமும் உணரும் படச்சுருள் வந்த பின் கருப்பு வெள்ளைக் கலைஞர்கள் சிவப்பைக் கருவியாக்கிக்கொண்டனர். வில்லையின் முன் ஆழ்ந்த சிவப்பு வடிப்பானைப் பொருத்தினால் நீலவானின் ஒளி தடைப்பட்டு வானம் இருள, வெண்முகில் எழுந்து நிற்கும். 1927 ஏப்ரல் 10 அன்று கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் என்னும் பாறைமுகத்தை எடுத்த ஆன்சல் ஆடம்ஸ், முதலில் மஞ்சள் வடிப்பானில் ஒரு தகட்டைச் செலவிட்டார். தம் மனத்தில் கண்ட இருண்ட வானம் அதில் வாராது என உணர்ந்து, எஞ்சியிருந்த ஒரே தகட்டைச் சிவப்பு வடிப்பானில் எடுத்தார். அவரை உலகறியச் செய்த படங்களுள் அது முதன்மையானது. நம் மாணவர்கள் இன்று செல்பேசியில் வண்ணப்படம் எடுத்துப் பின்னர்க் கருப்பு வெள்ளையாக்கும்போது, திருத்தும் செயலியில் நீலத்தைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டினால் ஏறத்தாழ அவ்விளைவே கிட்டும்.

நான்கில் ஒரு கண்

இனி நம் அரக்குப் பட்டிற்கு வருவோம். படச்சுருள் போய் மின்னணுக் கேமராக்கள் வந்த பின்னும் சிவப்பின் இடர் தீரவில்லை, வேறு உருக்கொண்டது. கேமராவினுள் உள்ள ஒளி உணரியின் மேல் நுண்ணிய வண்ணக் கட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. இவ்வமைப்பிற்கு 1976-இல் காப்புரிமை பெற்றவர் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர். நான்கு கட்டங்களுள் இரண்டு பச்சை, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. மனிதக்கண் பச்சையிலேயே நுணுக்கங்களை மிகுதியாகக் காணும் என்பதால் அதற்கு இரட்டிப்பு இடம். ஆகவே இருபது மெகாபிக்சல் கேமரா என நாம் பெருமையுடன் வாங்கும் கருவியில் சிவப்பைக் காண்பவை ஐந்து மெகாபிக்சலே. எஞ்சிய இடங்களில் சிவப்பு எவ்வளவு இருக்கும் எனக் கருவி அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கணித்துக்கொள்கிறது. பச்சை இலையின் நரம்பை ஒவ்வொன்றாகக் காட்டும் கருவி, பக்கத்திலேயே பூத்த செம்பருத்தியின் இதழ் நரம்பை மழுக்கிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

இதனினும் பெரிய காரணம் ஒளியை அளக்கும் முறையில் உள்ளது. ஒரு காட்சியின் வெளிச்சத்தைக் கணக்கிடும் வழக்கமான வாய்பாட்டில் பச்சைக்கு ஏறத்தாழ 72 விழுக்காடும், சிவப்புக்கு 21 விழுக்காடும், நீலத்திற்கு 7 விழுக்காடும் மதிப்பு. ஒரு பூவில் சிவப்பு மட்டுமே நிறைந்திருந்தால், அது எல்லை கடந்து நிரம்பி வழிந்தாலும் கணக்கில் ஐந்தில் ஒரு பங்காகவே தென்படும். ‘வெளிச்சம் அளவாகத்தான் உள்ளது’ எனக் கருவி கூறும். சிவப்புக் கட்டங்களோ 255 என்னும் உச்ச எண்ணைத் தொட்டு நின்றுவிட்டிருக்கும். உச்சத்தைத் தொட்ட பின் அடர் சிவப்பும் வெளிர் சிவப்பும் மடிப்பின் நிழலும் புட்டாவின் மின்னலும் எல்லாம் ஒரே எண்தான். குடம் நிரம்பிய பின் ஊற்றிய நீருக்குக் கணக்கு ஏது?

நம் திருமணக் கூடத்தில் நடந்தது இதுவே. வீடியோக்காரரின் ஹாலஜன் விளக்கு மணமக்கள் மேல் வீசிக்கொண்டிருந்தது. அவ்விளக்கின் ஒளி இயல்பிலேயே சிவப்பு மிகுந்தது. கூடமோ இருண்டது, புடவையும் இருண்ட நிறம். இருட்டைக் கண்ட கருவி, ஒளி போதவில்லை எனத் தானே முடிவுசெய்து கூடுதல் ஒளியை வாங்கிக்கொண்டது. அரக்கு தக்காளியாயிற்று, மாங்காய்கள் மறைந்தன.

சில திங்கள் கழித்து அதே புடவையை அவ்வில்லத்துச் சாளரத்தருகே கொடியில் விரித்து மீண்டும் எடுத்துப் பார்த்தோம். இம்முறை வெயில் நேரே படாத முற்பகல் ஒளி. ஒளியளவை ஒரு ஸ்டாப் குறைத்து வைத்தோம். கேமராவின் திரையில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே ஹிஸ்டோகிராம் காட்டும் வசதியைத் திறந்து, சிவப்பின் கோடு வலப்புற விளிம்பை முட்டாதவாறு பார்த்துக்கொண்டோம். ஜேபெக் கோப்போடு சுருக்கப்படாத மூலக்கோப்பையும் சேமித்தோம். படம் திரையில் சற்றே இருண்டு தோன்றியது. அச்சில் மாங்காய்கள் இருந்தன. பாட்டியார் கண்ணாடியை உயர்த்திப் பிடித்துப் பார்த்து, “இதுதான்” என்றார். சிவப்புப் பொருளை எடுக்கும்போது படம் சிறிது இருண்டிருப்பதே நலம் என்பது நம் பட்டறிவு. இருளில் ஒளிந்த நுணுக்கத்தைப் பின்னர் மீட்கலாம்; வழிந்ததை மீட்டல் அரிது.

ஜேபெக் பற்றி ஒரு சொல். இக்கோப்பு வகை இடத்தை மிச்சப்படுத்துதற்பொருட்டு, வெளிச்சத்தை முழுமையாகவும் நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற அளவிலும் சேமிப்பது பெருவழக்கு. நீலப் பின்புலத்தில் சிவப்பு எழுத்தில் அச்சடித்த அழைப்பிதழ்கள் செல்பேசிக்குச் செல்பேசி தாவி வரும்போது எழுத்தின் விளிம்பு பிசுபிசுத்திருப்பதைக் காண்கிறோமல்லவா, அதன் காரணம் இதுவே. அழைப்பிதழ் அமைக்கும் மாணவர்கள் இதனைக் கருத்திற்கொண்டால் விழாவின் நாளையும் நேரத்தையும் விருந்தினர் பிழையின்றிப் படிப்பர்.

நாள்தோறும் காணும் சிவப்பு

சிவப்பு, தான் உள்ள பொருளோடு நின்றுவிடுவதில்லை. அருகில் உள்ளவற்றின் மேலும் படரும். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் வாழ்ந்த பஸ்ரா நகரத்து அறிஞர் இப்னு அல் ஹைஸம், தம் ஒளியியல் பெருநூலில் இதனை நுணுகி ஆராய்ந்துள்ளார். நிறமுள்ள பொருளின் மேல் பட்டு மீளும் ஒளி அந்நிறத்தையும் உடன் சுமந்து சென்று, எதிரே உள்ள வெண்ணிறப் பொருளின் மேல் காட்டும் என்பது அவர் கண்டது. ஆயிரம் ஆண்டுக்குப் பின் நம்மூர்ச் சிவப்புச் சாமியானாவின் கீழ் நின்று படம் எடுப்போர் எவரும் இதற்குச் சான்று பகர்வர். பந்தலின் கீழ் அமர்ந்த அனைவரும் காய்ச்சல் கண்டவர் போலவும், வெள்ளைச் சட்டைகள் சாயம் ஏறியவை போலவும் படத்தில் தோன்றுவர். நேரில் நம் மூளை அதனைத் திருத்திக் காட்டிவிடுகிறது, கருவி திருத்துவதில்லை. இயன்றால் மாந்தரைப் பந்தலின் விளிம்பிற்கு அழைத்து வெளியொளி படுமாறு நிறுத்துக. இயலாவிடின் அங்குள்ள ஒரு வெள்ளைத்தாளை அளவாகக் கொண்டு கருவியின் ஒயிட் பேலன்ஸை அமைத்துக்கொள்க.

செவ்வானத்தில் நிலைமை தலைகீழ். இங்குக் கருவி வேண்டாத திருத்தத்தைச் செய்கிறது. மாலைக் கதிரின் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருதலால் நீலம் வழியிலேயே சிதறிப்போக, சிவப்பு எஞ்சி நம்மை அடைகிறது. தானியங்கி அமைப்பில் உள்ள கேமரா இச்சிவப்பைப் பிழையெனக் கருதி நீலத்தைக் கூட்டிச் சமன்செய்ய முயலும். அமைப்பை ‘பகலொளி’ என்பதில் நிறுத்திவிட்டால் வானம் வானமாக வரும்.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரிக்காட்டைக் கண்டோர் செம்மண் என்னும் சொல்லின் முழுப்பொருளையும் கண்டோராவர். மழைக்குப் பின் அம்மணலின் சிவப்பு மும்மடங்கு ஆழ்ந்து தோன்றும். உலர்ந்த மணலின் மேற்பரப்பு வெள்ளொளியைச் சிதறடித்து நிறத்தை வெளிறச் செய்கிறது. நீர் அச்சிதறலைக் குறைக்கிறது. செம்புலத்தில் பெய்த நீரின் உவமையால் தம் இயற்பெயரே மறைந்துபோன குறுந்தொகைப் புலவர் கண்டதும் மண்ணின் நிறத்தை நீர் ஏற்கும் இந்நிகழ்ச்சியையே. தேரியைப் படம் எடுக்க விழைவோர் மழை ஓய்ந்த அரைமணி நேரத்தைத் தவறவிடலாகாது.

அந்தி மயங்கும் வேளையில் செம்பருத்திச் செடியை உற்று நோக்குக. இலை இன்னும் பசுமையாகத் தெரியும்போதே பூ கறுத்துவிடும். மங்கிய ஒளியில் நம் கண்ணின் சிவப்புணர்ச்சி முதலில் அவிந்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் நாட்டு அறிஞர் புர்க்கினே இதனைக் குறித்தார். கேமராவிற்கு இக்குறை இல்லை. நேரம் கூட்டி ஒளியை வாங்கினால், கண் காணாத செம்பூவை அது காட்டும். கண் முந்தியது எங்கே, கருவி முந்தியது எங்கே எனக் காண்பதற்கு இதனினும் எளிய சோதனை இல்லை.

மின்வெட்டொளியில் எடுத்த படங்களில் கண்மணி சிவந்து தோன்றுதல் யாவரும் அறிந்ததே. வில்லைக்கு மிக அருகில் பிறக்கும் ஒளி, இருளில் விரிந்த கண்மணியின் வழியே புகுந்து, குருதி நிறைந்த பின்திரையில் பட்டு நேரே மீள்வதால் அது நிகழ்கிறது. அறை விளக்குகளை ஏற்றிக் கண்மணியைச் சுருங்கச் செய்தலே மருந்து.

சிவப்பாக வர வேண்டும்

இப்பகுதியைச் சற்று விரிவாக எழுதுகின்றோம். தமிழில் சிவப்பு என்பதற்குப் பேச்சு வழக்கில் மற்றொரு பொருளும் உண்டு. “பொண்ணு நல்ல செவப்பு” என்றால் அங்குச் சிவப்பு என்பது செந்நிறமன்று; வெளிறிய தோல்நிறம். நம் ஊர்களில் ஸ்டூடியோக்கள் செழித்திருந்த நாளில், பெண் பார்க்கும் படலத்திற்காகப் படம் எடுக்க வந்த குடும்பத்தார் ஒளிப்படக்காரரிடம் கேட்டுக்கொண்டதெல்லாம் ஒன்றே: “கொஞ்சம் செவப்பா வர்ற மாதிரி எடுங்க.” அவர் என்ன செய்வார்? முகத்தின் மேல் ஒளியைக் கூட்டுவார். அச்சிடும்போதும் வெளிறச் செய்வார். நம் மாநிறத்தோலின் உயிர்ப்பு அதனுள் ஓடும் உண்மையான செம்மையில் உள்ளது. கன்னத்திலும் காதுமடலிலும் உள்ளங்கையிலும் அதனைக் காணலாம். வெளிச்சத்தைக் கூட்டியதும் முதலில் அழிவது அச்செம்மையே. சிவப்பை வேண்டி வந்தோர் சிவப்பை இழந்து சென்றனர் என்பதைத் தவிர வேறென் சொல்வது!

ஸ்டூடியோக்கள் அருகினும் அவ்வேட்கை அருகவில்லை. இன்று செல்பேசிகளில் ‘அழகூட்டும்’ அமைப்பு அவ்வேலையைக் கேளாமலே செய்கிறது. நம் வகுப்பு மாணவியர் எடுத்துக்கொண்ட குழுப்படமொன்றில் அனைவர் முகமும் ஒரே சுண்ணாம்பு நிறமாய் இருக்கக் கண்டோம். ஒரு மாணவி தன் படத்தைக் காட்டி, “ஐயா, இது நான்தானான்னு எங்க அம்மாவே கேட்டாங்க” என்றார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவ்வமைப்பை நிறுத்தி, மரநிழலில், பக்கவாட்டு ஒளியில் அவரை மீண்டும் எடுத்தோம். தோலின் நிறம் தோலின் நிறமாக வந்தது. அப்படத்தைத் தம் நுழைவுச்சீட்டிற்கு வைத்துக்கொண்டார். மணப்படத்திற்கு அதனை அவர் இல்லத்தார் ஏற்பரோ என்பது வேறு வினா. அவ்விடையைக் கேமராவிடம் எதிர்பார்த்தல் தகாது.

ஒரு துளியும் ஒரு கூரையும்

படத்தின் அமைப்பில் சிவப்பின் ஆற்றலைப் பற்றி ஓவியர்கள் நமக்கு முன்னரே அறிவர். 1832-இல் லண்டன் ராயல் அகாதெமிக் கண்காட்சியில் டர்னரின் சாம்பல்நிறக் கடற்காட்சியும், கான்ஸ்டபிள் பல்லாண்டு உழைத்துச் செந்நிறம் பொலியத் தீட்டிய வாட்டர்லூ பாலத் திறப்பு விழாக் காட்சியும் அருகருகே தொங்கின. திறப்பிற்கு முன் மெருகூட்டும் நாளில் டர்னர் வந்து இரண்டையும் மாறிமாறி நோக்கிவிட்டு, தம் கடலின் நடுவே சிவப்புச் சாயத்தில் ஒரு சிறு பொட்டு வைத்துச் சென்றார். காண்போர் கண் அப்பொட்டிற்கே ஓடிற்று. பின்னர் வந்து அதனைக் கடல்மிதவையாகத் திருத்தினார். ஒரு படம் முழுதும் உள்ள சிவப்பை ஒரு துளிச் சிவப்பு வென்றது.

இவ்வுண்மையை அறிந்தோர் அதனை அளவின்றிப் பயன்படுத்தியதும் உண்டு. 1950-களில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் ஒளிப்படக்காரர்கள், கோடாக்குரோம் படச்சுருளில் சிவப்பு ஒளிர்ந்து விழும் என்பதற்காக, காட்சியில் உள்ளோர்க்குச் செஞ்சட்டையும் செஞ்சால்வையும் அணிவித்து எடுத்தனர்; ‘செஞ்சட்டைப் பள்ளி’ எனப் பிறர் நகையாடும் அளவிற்கு அது பெருகிற்று. இன்று வார இறுதியில் ஒளிப்பட உலாச் செல்லும் நம் அன்பர்கள் சிலர், வயலில் நாற்று நடும் பெண்ணின் கையில் சிவப்புக் குடையைக் கொடுத்து நிறுத்துகின்றனர். நாற்று நடுபவர் ஏன் குடை பிடித்தார் என அப்படத்தைக் காணும் உழவர் கேட்பாரே! 1993-இல் வந்த ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ திரைப்படத்தில் கருப்பு வெள்ளைக் காட்சியினூடே ஒரு சிறுமியின் மேலங்கி மட்டும் சிவந்திருக்கும். அங்கு அதற்கு உயிரைப் பிடித்துலுக்கும் காரணம் இருந்தது. அதனைக் கண்டு, ரோசாப்பூவை மட்டும் சிவப்பாக விட்டு மற்றெல்லாம் வெளிறச் செய்யும் வாழ்த்துமடல் வழக்கத்திற்குக் காரணம் யாதும் இல்லை.

மறுதலையாக, படம் முழுவதையும் சிவப்பால் நிறைத்தவர் அமெரிக்கரான வில்லியம் எகிள்ஸ்டன். 1973-இல் மிசிசிப்பி மாநிலத்துக் கிரீன்வுட்டில் ஓர் அறையின் செஞ்சாயக் கூரையையும், அதில் தொங்கும் மூடியற்ற பல்பையும், அதற்குச் செல்லும் வெள்ளைக் கம்பிகளையும் மட்டுமே எடுத்தார். காட்சியில் சிறப்பு ஏதும் இல்லை. எவர் வீட்டிலும் காணக்கூடிய கூரை. ஆயினும் அச்சிவப்பின் அழுத்தம் காண்போரை அமைதியிழக்கச் செய்கிறது. நம் நாட்டில் ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங், கருப்பு வெள்ளையே கலை எனப் பலரும் கருதிய நாளில், வண்ணமே இந்தியரின் காட்சி மொழி என வாதிட்டு வாழ்நாள் முழுதும் வண்ணத்திலேயே எடுத்தார். 1998-இல் வெளிவந்த அவருடைய ‘ரிவர் ஆஃப் கலர்’ நூலை நூலகத்தில் காண வாய்ப்போர் காண்க. அவர் படங்களில் சிவப்பு யாருக்கும் அணிவிக்கப்பட்டதாகத் தோன்றுவதில்லை. அங்கு அது இருந்தது, அவர் சென்றார்.

ஆல்பத்துச் சிவப்பு

தொடக்கத்தில் கருவி காணாத நிறம் இறுதியில் எஞ்சும் நிறமாக நிற்பதை நம் வீட்டு ஆல்பங்களில் காணலாம். 1960, 70-களில் அச்சிட்ட வண்ணப்படங்கள் பெரும்பாலும் இன்று செம்மை படர்ந்திருக்கும். அச்சுத்தாளில் சயான் என்னும் நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்று சாயங்கள் உள்ளன. அக்காலத்துத் தாள்களில், பெட்டியில் இருளில் வைத்திருந்தாலும், முதலில் அழிவது சயான். அது போனபின் மெஜந்தாவும் மஞ்சளும் கூடிச் சிவப்பாய் எஞ்சுகின்றன. திரைப்படச் சுருள்களுக்கும் இதே நிலை வரக் கண்டுதான் 1980-இல் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி படச்சுருள் நிறுவனங்களுக்கு எதிராகக் குரல் எழுப்பினார். தெருச்சுவரில் வெயிலில் காயும் சுவரொட்டிகளின் கதை நேர்மாறானது. அச்சு மையில் மஞ்சளும் மெஜந்தாவும் வெயிலுக்கு முதலில் பலியாவதால் நாயகன் முகம் சில வாரங்களில் நீலம் பாரித்துவிடுகிறது. வெயிலில் சிவப்பு சாகிறது. பெட்டியில் சிவப்பு மட்டும் வாழ்கிறது.

முன்னர்க் குறித்த பாட்டியார், அவ்வாறு சிவந்துபோன குழுப்படமொன்றை நம்மிடம் தந்து சரிசெய்து தருமாறு கேட்டார். 1970-களில் எடுத்தது, இளவயதில் அவரும் அதில் நிற்கின்றார். ஸ்கேன் செய்து, மூன்று நிறங்களையும் தனித்தனியே பிரித்து, தேய்ந்துபோன சயானை இயன்றவரை உயர்த்தினோம். பின்னால் நின்ற வேம்பு பச்சையாயிற்று. ஆடவரின் சட்டைகள் வெண்மையாயின. பாட்டியாரின் சேலையை மட்டும் சிவப்பாகவே விட்டுவிட்டோம். பட்டு, திருமணக்கூட்டம், இளம்பெண். சிவப்பன்றி வேறென்னவாக இருக்கும் என்பது நம் துணிவு.

அச்சிட்ட படத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். வேம்பைத் தொட்டுக் காட்டி, அது வெட்டப்பட்ட ஆண்டைச் சொன்னார். பின்னர்ச் சேலையின் மேல் விரல் வைத்து, “இது சிவப்பு இல்லப்பா. கத்தரிப்பூக் கலர். சிவப்புதான் எடுக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க, நான்தான் அழுது அடம்பிடிச்சு இதை எடுத்தேன்” என்றார்.

கத்தரிப்பூ நிறம் சயானும் மெஜந்தாவும் சேர்ந்து வருவது. சயான் போனால் சிவந்துதான் நிற்கும். இது நாம் அறியாததன்று. படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, அன்றிரவே சேலையின் நிறத்தை மாற்றி அச்சிட்டோம்.